மரகதம் வாங்கப் போகும் மகளுக்கு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள கண்ணு,

ஜெய்ப்பூர் கடையில் எடுத்த இரண்டு கல்லின் படமும் பார்த்தேன். முதல் கல் சோடா பாட்டில் மாதிரி பளிச்சென்று இருக்கிறது, விலையும் குறைவு. இரண்டாவதில் உள்ளே நார்நாராக ஏதோ ஓடுகிறது, அதனால் வேண்டாம் என்கிறாய். எனக்கு அந்த நார் உள்ள கல்மேல்தான் நம்பிக்கை.

மரகதம் என்பது பெரில் என்ற கனிமம். பெரிலியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து ஆறு பட்டையாக வளரும். கலப்பில்லாமல் வளர்ந்தால் நிறமே இருக்காது. இரும்பு கலந்தால் காங்கேயம் பக்கம் படியூரில் எடுத்தார்களே, அந்த வெளிர்நீல அக்வாமரின். குரோமியமோ வனேடியமோ துளி ஏறினால்தான் மரகதப் பச்சை. சிக்கல் அங்கேதான். பெரிலியம், கருங்கல் குழம்பு ஆறி முடியும்போது கடைசியாக மிஞ்சும் திரவத்தில் சேர்வது. குரோமியம், ஆழத்திலிருந்து வந்த கரும்பச்சைப் பாறையில் இருப்பது. இரண்டும் சந்திப்பது அபூர்வம். நம்மூர் வெள்ளக்கல்பட்டியில் மேக்னசைட் தாது கிடைக்கும் டூனைட் பாறை, குரோமியம் உள்ள அந்த இரண்டாவது சாதி, ஆனால் அது மட்டும் போதாது, பெரிலியம் கொண்டுவர, அந்தக் கடைசித் திரவம் வெடிப்பில் ஏறி உறைந்த பெக்மடைட் நரம்பு ஒன்று வேண்டும். சங்ககிரி, இடைப்பாடிப் பக்கம் அப்படி அமைந்ததால்தான் 1990களில் அங்கே மரகதம் கிடைத்தது.

ராஜஸ்தான், ஜாம்பியா கற்களும் இதே வழியில் பிறந்தவை. பழுப்பு அபிரகத் தகடு உள்ளே சிக்கியிருக்கும், இரும்பு இருப்பதால் பச்சையில் கொஞ்சம் நீலம் தட்டும். கொலம்பியக் கல்லின் கதை வேறு. அங்கே கருங்கல் குழம்புக்கு வேலையில்லை. சூடான உப்பு நீர், சேறு இறுகி உண்டான கருப்பு ஷேல் பாறையை அரித்து, பெரிலியம், குரோமியம் இரண்டையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டு வெடிப்புகளில் படிய வைத்தது. லென்ஸில் பார்த்தால் சின்னக் குழிக்குள் உப்பு நீர், ஒரு வாயுக் குமிழி, ஒரு சதுர உப்புப் படிகம் மூன்றும் சேர்ந்து இருக்கும். கொலம்பியக் கல்லுக்கு இது நல்ல அடையாளம்.

ஆக, உள்ளே ஒன்றுமே இல்லாத பெரிய மரகதம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும். கண்ணாடியா? பத்து மடங்கு லென்ஸில் உருண்டைக் குமிழியும், பாகு கலக்கினாற்போல் சுழலும் தெரியும். ஒட்டுக்கல்லா? ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பார், மேலும் கீழும் நிறமற்று, நடுவில் மட்டும் பச்சைக் கோடு தெரிந்தால் ஒட்டு. ஆய்வகத்தில் வளர்த்த கல்லைத்தான் கண்ணால் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அதுவும் பெரில்தான். அதற்கு ஆய்வகச் சான்று இல்லாமல் வழியில்லை.

இனி எண்ணெய். வெட்டிய மரகதத்தில் பெரும்பாலானவை எண்ணெய் ஏற்றியவை, அது மோசடி இல்லை. சிடார் மர எண்ணெயின் ஒளிவிலகல் மரகதத்தினுடையதற்குக் கிட்டத்தட்ட சமம். வெடிப்புக்குள் அது நிறைந்தால் வெடிப்பு கண்ணுக்கு மறையும். பிரச்சினை எவ்வளவு என்பதில். சான்றில் சிறிது, நடுத்தரம், அதிகம் என்று போட்டிருப்பார்கள், சிறிது வரை வாங்கலாம். கல்லை மெல்லச் சாய்த்துக்கொண்டே பார். வெடிப்பில் நீலமோ ஆரஞ்சோ மின்னினால் உள்ளே பிசின் போன்ற நிரப்பு இருக்கிறது.

வெடிப்பு எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நடுவில் மூடிக் கிடக்கும் நாரால் கெடுதல் இல்லை. மூலையிலும் விளிம்பிலும் மேற்பரப்பைத் தொட்டு நிற்கும் வெடிப்புதான் ஒருநாள் சில்லு பெயர்க்கும். மரகதத்தின் கடினம் 7.5 முதல் 8, தூசியில் சுலபமாகக் கீறாது. ஆனால் கடினம் வேறு, அடி தாங்குவது வேறு. மூலை வெட்டிய அந்தச் செவ்வகப் பட்டை வெட்டு அழகுக்கு மட்டும் வந்ததில்லை, கூர்மூலை உடையாமல் காப்பதற்கும்தான்.

கல்லைத் தினசரித் தாளின் மேல் வைத்துப் பார். நடுவில் எழுத்து படிக்க முடிந்தால் அடி மெலிந்த வெட்டு, பச்சை வெளிறித் தெரியும். எடையைக் கேரட்டில் கேள், 1 கேரட் 200 மில்லிகிராம். ரத்திக் கணக்கு கடைக்குக் கடை மாறும். மோதிரத்தில் ஏற்கெனவே பதித்து, பின்பக்கம் மூடியிருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே பச்சைத் தகடு வைத்திருந்தால் வெளிறிய கல்லும் ஜொலிக்கும். கழற்றிக் காட்டச் சொல்.

வாங்கிய பிறகு நகை கழுவும் அல்ட்ராசோனிக் மெஷினிலும் நீராவியிலும் போட விடாதே. எண்ணெய் வெளியேறி வெடிப்பு வெள்ளையாகத் தெரியும், வெடிப்பு நீளவும் செய்யும். மோதிரம் பெரிதாக்கும்போது கல்லைக் கழற்றிய பிறகுதான் ஆசாரி நெருப்பு காட்ட வேண்டும். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, மெல்லிய பிரஷ் போதும்.

புதன்கிழமைதான் வாங்க வேண்டும் என்று உன் பாட்டி சொல்லச் சொன்னாள். புதன்கிழமையே வாங்கு, ஆனால் காலை பத்து மணிக்கு, கடையின் விளக்கை விட்டு வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. சான்றின் படத்தையும் அனுப்பு.

அப்பா