நெல்லுமிக்கும் ஒரு விளக்க அட்டை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் எழுந்துள்ள பொருநை அருங்காட்சியகம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய ஊர்களில் கிடைத்த பொருள்களுக்குத் தாமிரபரணிச் சீமையிலேயே ஒரு பெரிய கட்டடம் அமைந்தது, என் போன்றோர் நெடுநாள் எதிர்பார்த்திருந்தது. 1876-ல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகர், ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் (தாழிகள் புதைந்த மேட்டு நிலத்தில்) தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல உருவங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. தன் ஊர் மண்ணில் கிடைத்ததைப் பார்க்க ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஓர் இரவு ரயில் பயணம் போக வேண்டியிருந்தது.

கட்டடத்தில் நான் குறை காணவில்லை. என் அக்கறையெல்லாம் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டையைப் பற்றியது. நம்மூர் அருங்காட்சியகங்கள் பலவற்றில் 'தாழி, இரும்புக்காலம்' என்ற அளவில் அட்டை முடிந்துவிடுகிறது. அது எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பது ஆய்வறிக்கையைத் தேடிப் படிப்பவருக்கு மட்டுமே தெரிகிறது.

சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கலந்து கிடந்த நெல்லையும் உமியையும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மியாமி ஆய்வகம் ஒன்றில் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்ததாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். காட்சிப் பேழையில் வைத்தால் பார்வைக்கு அது ஒரு சிட்டிகைக் குப்பைதான். பொன்னைத் தேடி வருகிறவர் நின்றுகூடப் பார்க்க மாட்டார். ஆனால் தாமிரபரணிக் கரையில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே நெல் விளைந்திருக்கிறது என்று நாம் பேசத் துணை நிற்பது அந்தக் குப்பை. தாழியைத் திறந்தது, மண்ணைச் சலித்தது, மாதிரியில் வேறெதுவும் கலக்காமல் பொதிந்து அனுப்பியது, எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தின் அளவைக் கொண்டு ஆண்டைக் கணித்தது என இவற்றைப் பள்ளி மாணவருக்கும் விளங்கும் தமிழில் பத்து வரிகளில் எழுதி வைக்க முடியாதா?

2025 ஜனவரியில் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கையில் சிவகளை இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை பின்னோக்கிப் போகிறது. இன்னும் பல இடங்களில் சான்று கிடைத்து இது உறுதிப்பட வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதையும் அதே அட்டையில் எழுதலாம். எழுதினால் நம் பெருமை குறைந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் கொற்கையும் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில். கட்டடம் இருப்பது நெல்லையில். தாழியைக் கண்ணாடிக்குள் பார்த்தவர் அது புதைந்திருந்த செம்மண் பரம்பையும் பார்த்தால்தான் 'எங்கே' என்ற கேள்விக்கு விடை முழுமையாகும். வார இறுதி நாள்களிலாவது அருங்காட்சியக வாயிலிலிருந்து பரம்புக்கு ஒரு பேருந்து விடுமாறு உரியவர்களைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்ட வாசகர் ஒருவர்