இதய மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். மொடச்சூர் சந்தைக்கு வந்த பெரியவர் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டி, "மெட்டோப்ரோலால் மட்டும் வேண்டாமுங்க. மாரடைப்பு வந்தவங்களுக்கு அது தேவையில்லீன்னு வாட்ஸ்அப்புல வந்திருக்குதுங்க" என்றார். இப்படிக் கேட்பவர்கள் இப்போது அதிகம்.

அந்தத் தகவல் அரைகுறையானது. 2025 ஆகஸ்டில் வெளியான 'ரீபூட்' ஆய்வு, ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சுமார் 8,500 பேரிடம் நடந்தது. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் பம்ப் திறன் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு மெட்டோப்ரோலால் போன்ற 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகளால் கூடுதல் பலன் தெரியவில்லை. அதே சமயத்தில் வந்த நார்வே, டென்மார்க் ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்தது. அதை யாரும் பரப்பவில்லை. பம்ப் திறன் 40-க்கும் கீழே இறங்கியவர்களுக்கு இது இன்றும் உயிர் காக்கும் மருந்து. தன் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் பம்ப் திறன் எவ்வளவு என்று இருக்கிறது என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியவில்லை.

இந்த மாத்திரை, இதயத்தை வேகமாகத் துடிக்கத் தூண்டும் அட்ரினலின் என்ற சுரப்பை மட்டுப்படுத்தி இதயத்தை நிதானமாகத் துடிக்க வைக்கிறது. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வில்தான் பாய்கிறது. துடிப்பு குறைந்தால் அந்த ஓய்வு நீளும். அடைப்புள்ள குழாய் வழியாகவும் தசைக்குப் போதிய ரத்தம் போய்ச் சேரும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த அட்ரினலின் முழு வேகத்தில் தாக்கும். படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வந்துவிடும். தேவையில்லை என்று முடிவெடுக்கும் மருத்துவரும் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகத்தான் குறைப்பார்.

வாட்ஸ்அப் பார்க்காதவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. கடம்பூர், பர்கூர் மலைக் கிராமங்களில் மாத்திரை அட்டை தீர்ந்தால் அடுத்த சந்தை நாளில்தான் கீழே வருகிறார்கள். அந்த இடைவெளியும் திடீர் நிறுத்தம்தான். கடைக்காரர்கள் நாங்களும் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுக்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் மீதித் துண்டிலேயே தங்கிவிடுகின்றன.

எனவே மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மாத்திரை எதற்கு, எதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சீட்டிலேயே தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் இதய நோயாளிகளுக்கு இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.