எக்செல் கோப்புக்கு ஏன் தடை?

ஆசிரியருக்கு வணக்கம்.

அவிநாசி அருகே ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஆர்டர் கணக்குப் பார்க்கிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளர் அனுப்பிய எக்செல் அளவுப் பட்டியலை எங்கள் பிராக்ஸி சர்வர் (இணையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நின்று, வருவதைச் சோதிக்கும் கணினி) இறக்க விடவில்லை. 'ஜிப் கோப்புக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பில் ஒரே வரி. கட்டிங் மேசையில் துணி விரித்தபடியே கிடந்தது, மாலை வரை.

2007 முதல் வரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை எக்செல் கோப்பு உள்ளுக்குள் ஜிப்தான்; அதாவது, பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதி. இரண்டுமே 'பிகே' என்ற இரு எழுத்துகளில் தொடங்கும். அந்த இரு எழுத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடும் பிராக்ஸிக்கு வேறுபாடு தெரியாது. பெயரின் வாலை ('.xlsx' போன்ற கடைசி எழுத்துகளை) மட்டும் நம்பினாலோ, பெயர் மாற்றிய வைரஸ் கோப்பும் நுழைந்துவிடும். இது என்ன வகைக் கோப்பு என்று அனுப்பும் சர்வர் சொல்லும் குறிப்பும் பல நேரம் பொத்தாம்பொதுவானது. அலுவலகக் கணினிகளைக் கவனிப்பவர்களே, பொதிக்குள் என்னென்ன கோப்புகள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்து முடிவெடுக்கும்படி பிராக்ஸியை அமையுங்கள். தடுத்தால், யாரை அழைப்பது என்பதையும் அந்தச் சிவப்பு வரியிலேயே எழுதுங்கள்.

– ஒரு வாசகி, அவிநாசி