ஹாபி தேவதை இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல எகிப்து சாமிகளைப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஹாபி படத்துக்குக் கீழ "நைல் நதி தேவதை"ன்னு போட்டுட்டீங்களே சார். ஹாபி நைல் வெள்ளத்துக்கான ஆம்பளை சாமி. தாடி அந்தப் படத்துலயே இருக்கு! மார்பு தொங்குறதும் தொப்பை விழுந்திருக்கிறதும் செழிப்பைக் காட்டுறதுக்கு, வெள்ளம் வந்தா நாட்டுக்கே சோறு கிடைக்கும்ங்கிறதை அவர் உடம்புலயே காட்டிட்டாங்க.

வெள்ளத்துக்குப் பயந்துதான் கும்பிட்டாங்கன்னு எழுதினதும் பாதிதான் சரி. எகிப்துல மழையே அபூர்வம், வருஷாவருஷம் நைல் பொங்கி வயல்ல கருப்பு வண்டலைப் போட்டாத்தான் கோதுமை, பார்லி எல்லாம். அவங்களுக்குப் பெரிய பயம் வெள்ளம் வராமப் போயிடுமோங்கிறதுதான். ரோமானியர் பிளினி கணக்குப்படி தண்ணி 12 முழம் ஏறினா பஞ்சம், 14 வந்தா சந்தோஷம், 16 வந்தா கொண்டாட்டம். ரொம்ப ஏறினாலும் தொல்லைதான், அதை மறுக்கல.

க்னூமை விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அஸ்வான்கிட்ட எலிபன்டைன் தீவுல இருந்த ஆட்டுக்கடாத் தலை சாமி, ஹாபி குடியிருக்கிற குகையிலேர்ந்து தண்ணியைத் திறந்து விடுறது இவர்தான்னு நம்பினாங்க. பக்கத்துல செஹெல் தீவுப் பாறையில ஒரு கல்வெட்டு இருக்கு, ரொம்பப் பழைய எகிப்து ராஜா ஜோசர் காலத்துல 7 வருஷம் நைல் சரியா பொங்காம ஜனம் பட்டினி கிடந்துச்சாம், க்னூம் கனவுல வந்து இனி தண்ணி வரும்னு சொல்ல, ராஜா அந்தப் பகுதி நிலத்தோட வருமானத்தையே கோயிலுக்கு எழுதி வச்சிட்டாராம். இதுல வேடிக்கை என்னன்னா கல்வெட்டை வெட்டினது எகிப்தை ஆண்ட கிரேக்கத் தாலமி வம்சக் காலத்துல, அதாவது ஜோசர் செத்து 2000 வருஷத்துக்கும் மேல ஆனப்புறம். கோயில் பூசாரிங்க நில உரிமைக்காக ஜோடிச்ச பத்திரம்னுதான் எனக்குத் தோணுது, ஆராய்ச்சியாளர்கள்லயும் அப்படிச் சொல்றவங்க உண்டு.

உண்மையில அந்த வெள்ளம் எத்தியோப்பிய மலையில பெய்யுற கோடை மழை. 1970ல அஸ்வான் பெரிய அணையைக் கட்டி முடிச்சப்புறம் எகிப்துல அந்த வருஷ வெள்ளம் நின்னே போச்சு, இதுவும் கட்டுரையில வந்திருக்கலாம்.

திருத்தம் போடும்போது ரெண்டாவது படத்தையும் சேர்த்து மாத்திடுங்க. அந்த பபூன் குரங்கு முகத்தோட இருக்கிறவர் வேற ஹாபி, ஹோரஸ்ங்கிற சாமியோட மகன், மம்மியோட நுரையீரலைக் காக்கிறவர், வெள்ளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்ல.

இப்படிக்கு,
உங்க வாசகன்