ஒரே ஒரு இணைகோடு

அன்புள்ள நண்பா,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் கேட்ட ஒரு கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஒரு கோடு, அதன் மேல் இல்லாத ஒரு புள்ளி. புள்ளி வழியாக இணைகோடு வரைய வேண்டும். நாம் மூலைமட்டத்தை அளவுகோலோடு சேர்த்து நகர்த்துவோமே, அப்படித்தான் வரைந்தாள். அப்புறம், "கொஞ்சூண்டு சாய்த்து இன்னொன்று வரையக் கூடாதாப்பா?" என்றாள். சாய்த்தால் எங்கேயாவது போய் வெட்டிவிடும் என்றேன். "எங்கே, காட்டுங்க."

கணக்குப் போட்டேன். கோட்டுக்கும் புள்ளிக்கும் 10 சென்டிமீட்டர் தூரம், சாய்வு 0.01 பாகை என்றால், சுமார் 573 மீட்டர் தள்ளிப்போய் வெட்டும். பெருமையாகச் சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: அந்தக் கணக்கே இணைகோடு ஒன்றுதான் என்று நம்பிப் போட்டது!

ஓர் இணைகோடாவது உண்டு என்பதை நிரூபித்துவிடலாம். குறுக்குவெட்டி வரைந்து ஒன்றுவிட்ட கோணங்களைச் சமமாக்கு. கோடுகள் வெட்டினால் ஒரு முக்கோணம் வந்துவிடும். அதில் வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணத்துக்குச் சமமாகும். ஆனால் அது பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே வெட்டாது. இதற்கு, பழைய கிரேக்கக் கணிதக்காரர் யூக்ளிட்டுக்கு, நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்ட தன் ஐந்தாம் எடுகோள் தேவைப்படவில்லை. 'ஒன்றுக்கு மேல் இல்லை' என்பதற்குத்தான் அது வேண்டும். 'புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடு' என்று நாம் பள்ளியில் படித்த அதன் வடிவம், ஸ்காட்லாந்துக் கணிதக்காரர் பிளேஃபேர் 1795-இல் தந்தது.

ஹங்கேரிக் கணிதக்காரர் யானோஷ் போயாயின் அப்பாவும் கணிதக்காரர்தான். இந்த இணைகோட்டு எடுகோள் பக்கமே போகாதே என்று மகனுக்குக் கடிதம் எழுதியவர். மகன் கேட்கவில்லை. ஒரே புள்ளி வழியாக எண்ணற்ற இணைகோடுகள் போகும் வடிவியலை உருவாக்கினான். 1832-இல் அது அந்த அப்பாவின் புத்தகத்துக்கே பின்னிணைப்பாக வந்தது. ரஷ்யக் கணிதக்காரர் லோபசெவ்ஸ்கி 1829-லேயே அதே இடத்துக்கு வேறு வழியில் வந்திருந்தார். யூக்ளிட்டின் வடிவியலில் முரண்பாடு இல்லையென்றால் இதிலும் இல்லை என்று 1868-இல் இத்தாலியக் கணிதக்காரர் பெல்ட்ராமி காட்டினார். அப்படியானால் மற்ற எடுகோள்களை வைத்து அந்த 'ஒரே ஒரு' என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது.

காலையில் மகளிடம், "உன் கேள்விதான் சரி, என் பதில் தப்பு" என்றேன். உடனே அடுத்த கேள்வி: எண்ணற்ற இணைகோடுகள் உள்ள தளத்தை எப்படி வரைவது? வட்டத்துக்குள் நாண்களை வரைந்து, அவற்றையே கோடுகளாகவும், வட்டத்துக்குள் வெட்டாதவற்றை இணைகோடுகளாகவும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பல ஆண்டு பாடம் நடத்தியவன் நீ. இதைவிட எளிதாக ஏதாவது தோன்றினால், கண் தேறியதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்