காலை நான்கு மணிக்கு யார் விளக்கு போடுகிறார்கள்?

மின்கம்பி எட்டாத கிராமங்களுக்குத் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பக்கத்து ஊரான லாசா தாண்டி மலைக்குள் இருக்கும் தெமியார் பழங்குடிக் கிராமங்களை மனத்தில் வைத்துத்தான் இந்த மடல்.

நான் 1970-களில் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், வளர்ந்தவன். மாலை ஆறு முதல் பத்து வரை ஜெனரேட்டர் ஓடும். அவ்வளவுதான் எங்கள் மின்சாரம். அம்மாவோ காலை நான்கு மணிக்கு எழுந்து, மண்ணெண்ணெய் விளக்கில் சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) ஓடுவார். வெளிச்சம் வேண்டியிருந்ததே அப்போதுதான். நேரம் குறித்தவர் எங்கள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. (1894-லேயே சுரங்க முதலாளிகள் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள். லயத்துக்கு வர இத்தனை காலம்!)

அதனால், எத்தனை சோலார் தகடு என்று பேசுமுன் எந்த நேரத்தில் எது ஓட வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்கு மூன்று விளக்கு, காற்றாடி, டிவி, கைப்பேசி சார்ஜ் என்றால் நாளுக்குச் சுமார் 800 வாட்-மணி. 30 வீட்டுக்கு 24 யூனிட் (ஒரு யூனிட் 1000 வாட்-மணி). வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் குளிர்பெட்டி வந்தால் கணக்கு வெகுவாக ஏறும். வராது என்று நினைக்காதீர்கள், எங்கள் லயத்தில் டிவியும் வராது என்றுதான் நினைத்தார்கள்.

சோலார் நல்லதுதான். ஆனால் நவம்பர் மழையில் மலைக்குமேல் மேகம் நாள்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஓடை அப்போதுதான் பொங்கி ஓடும். நொடிக்கு 10 லிட்டர் தண்ணீர் 20 மீட்டர் கீழே இறங்கிச் சுழலியைச் சுற்றினால், பாதி வீணானாலும் சுமார் ஒரு கிலோவாட் கிடைக்கும். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு அதே 24 யூனிட். மாலையில் எல்லா வீடும் சேர்ந்து போடும்போது அது போதாது, வறண்ட மாதத்தில் ஓடையும் இளைக்கும். சரி, அதற்குத் தகடும் பேட்டரியும் துணைக்கு இருக்கட்டும். சபா, சரவாக் மலைக்கிராமங்களில் ஓடை மின்சாரம் புதிதல்ல. டீசல் மட்டும் கடைசி வழியாக இருக்கட்டும், மழையில் பாதை அறுந்தால் பீப்பாய் எப்படிப் போகும்?

தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். ஈய அமில பேட்டரி ஐந்தாறு ஆண்டு தாண்டினால் பெரிது. அதை மாற்றும் பணத்தை இப்போதே தனியாக ஒதுக்குங்கள். ஊருக்கு இரண்டு இளைஞர்களுக்காவது பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் கொடுங்கள். ஃபியூஸ் போனதற்கெல்லாம் டவுனிலிருந்து ஆள் வரும்வரை அவர்கள் இருட்டில் காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாசி