ட்ரெய்லருக்குப் புதுப் பலகை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடியும் பட்டறைப் பக்கம் போகத் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து நிம்மதியடைந்தேன். காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் உன் ட்ரெய்லரின் தளத்துக்கு எந்த மரம் போடலாம் என்று கேட்டிருந்தாய். போன மாதம்தான் என்னுடையதைப் பிரித்து மாற்றினேன் என்பதால், உள்ளங்கைக் கொப்புளம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பழைய பலகைகளைப் பெயர்த்தபோது ஒன்று தெரிந்தது. மேலே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத பலகை, இரும்புக் குறுக்குச் சட்டத்தின்மேல் படிந்திருந்த இடத்தில் மட்டும் ஈரத் தூளாகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரை இறங்கியது. இரண்டடி தள்ளி அதே பலகை கல்லைப்போல் நின்றது. பலகையின் நுனிகளும் போல்ட் துளைகளின் ஓரங்களும் இப்படித்தான் இற்றிருந்தன. ஆகவே எந்த மரம் கெட்டி என்று கேட்பதைவிட, எது தண்ணீரைக் குடிக்காது, குடித்தாலும் எது சீக்கிரம் காயும் என்று கேட்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

ஓக் வாங்கலாம் என்று எழுதியிருந்தாயே, எந்த ஓக் என்று கேட்டுக்கொள். சிவப்பு ஓக்கின் ஒரு துண்டை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் குமிழி வரும். அதன் நாளங்கள் அவ்வளவு திறந்தவை. வெள்ளை ஓக்கின் வைரப்பகுதியில் அவை அடைபட்டிருப்பதால் நீர் எளிதில் ஏறாது. ஆனால் எடை இருக்கிறது: 10 அடிக்கு 5 அடித் தளத்தை 1.5 அங்குலக் கனத்தில் போட்டால், பைனைவிட ஏறத்தாழ 30 கிலோ கூடும். அந்த 30 கிலோவும் நீ ஏற்றப்போகும் பாரத்திலிருந்துதான் கழியும். கெருயிங் எண்ணெய்ப் பசையுள்ள அருமையான மரம், பெரிய லாரித் தளங்களுக்கே அதைப் போடுகிறார்கள். நம் சிறிய வண்டிக்கு அது ஆடம்பரம். சாதாரண பிளைவுட்டை நினைக்கவே வேண்டாம், ஓரம் நனைந்துகொண்டே இருந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

நான், இற்றுப்போகாமலிருக்க மருந்தேற்றிய பைனையே தேர்ந்தெடுத்தேன். அதிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. மருந்து பலகையின் நடுவரை எட்டாததால், அறுத்த முனைக்கும் துளைத்த துளைக்கும் தனியே மருந்து பூச வேண்டும். இப்போதைய மருந்துகளில் பெரும்பாலானவற்றில் தாமிரம் இருப்பதால் வெறும் இரும்பையும் அலுமினியத்தையும் அவை அரிக்கும்; அதனால் சட்டத்துக்கு நன்றாகப் பெயின்ட் அடித்து, உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த போல்ட்டுகளையே பூட்டினேன். கடையில் அடுக்கைக் கிளறி, கணு குறைந்த, முறுக்கில்லாத பலகைகளாகப் பொறுக்கியதில் கடைக்காரருக்கு என்மேல் வருத்தம்தான்.

பலகை ஈரமாக வந்தால் நெருக்கியே பூட்டு, காயும்போது தானே இடைவெளி விடும்; காய்ந்து வந்தால் 3 மில்லிமீட்டர் விட்டுப் பூட்டு. நான் அவசரத்தில் ஈரப் பலகைக்கும் இடைவெளி விட்டுவிட்டேன், இன்று அதன் வழியே சிறு விரல் நுழைகிறது. மணல் ஏற்றினால் பாதி சாலையிலேயே சிந்திவிடும்.

மரம் வாங்கும் முன் உன் குறுக்குச் சட்டங்களின் இடைவெளியை அளந்து எழுது, பலகை எத்தனை அங்குலக் கனம் என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம். வண்டி இரவில் கூரைக்குள் நிற்கிறதா, மழையிலா என்பதையும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்